ஏசிசிஏ தேர்வுக்குப் பயிற்சிக் கேள்விகளை வைத்துப் படிப்பது எப்படி?

மொரீசியஸில் ஏசிசிஏ என்ற பன்னாட்டுக் கணக்காளர் தகுதித் தேர்வை எழுதும் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். எபேனிலோ போர்ட் லூயிஸிலோ அலுவலகம் முடிந்து வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மணி எட்டாகிவிடும், அதற்குமேல் படிக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். அதையும் மாதக்கணக்கில் பாடப்புத்தகம் வாசிப்பதிலேயே செலவழித்துவிட்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கேள்விப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் கேள்வி என்பது படித்து முடித்த பிறகு நம்மைச் சோதித்துப் பார்க்கும் கருவி என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியிருக்கிறோம். இந்தத் தேர்வுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே கேள்வி வழியாகத்தான் பாடமே உள்ளே போகிறது. அதிலும் கேள்வியைச் செய்யும் நேரத்தைவிட, செய்து முடித்த விடையைத் திருத்தி, எங்கே ஏன் தவறியது என்று கண்டுபிடிக்கும் நேரத்தில்தான் அதிகம் உள்ளே போகிறது. ஒரு மணி நேரம் கேள்வி செய்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் திருத்த ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் ஐந்நூறு கேள்வி போட்டாலும், எந்தத் தவறைச் செய்து கொண்டிருந்தீர்களோ அதே தவறை இன்னும் வேகமாகச் செய்யப் பழகியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

எப்போது தொடங்குவது?

முதல் பாடம் முடிந்த அன்றே. அத்தியாயத்தை ஒருமுறை வாசியுங்கள், பாதி புரிந்தாலும் சரி, உடனே அதே தலைப்பில் ஐந்தாறு கேள்வி எடுங்கள். தப்பாகத்தான் வரும், வரட்டும். தேய்மானம் பற்றிய பாடத்தை மூன்று முறை வாசித்தவருக்குக்கூட, சொத்தை வருட நடுவில் வாங்கி வருட நடுவிலேயே விற்ற ஒரு கணக்கு வந்தால்தான் தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியும். அப்புறம் திரும்பப் போய் அந்தப் பக்கத்தை வாசித்தால், முன்பு சும்மா கடந்துபோன வரி இப்போது பளிச்சென்று கண்ணில் படும்.

எந்த நேரத்தில் எந்த வகைக் கேள்வி என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில் போகிறவர்கள் இரண்டு மதிப்பெண் கேள்விகளைக் கைபேசியிலேயே செய்யலாம், பத்துக் கேள்வி தாராளமாக முடியும். பெரிய கேள்விகளை மட்டும் வண்டியில் தொடாதீர்கள். அதற்கு மேசை, மடிக்கணினி, கடிகாரம் மூன்றும் வேண்டும். வார நாட்களில் சின்னக் கேள்விகள், சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய கேள்வி, ஞாயிற்றுக்கிழமை அதைத் திருத்துவது என்று வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவருக்கும் தாங்கும்.

பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் முடித்து ஆரம்பத் தாள்களுக்கு விலக்கு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரே எஃப்ஆர் (நிதி அறிக்கை) தாளில் உட்காரும்போது, அதற்கு அடிப்படையான எஃப்ஏ (நிதிக் கணக்கியல்) தாளின் கேள்விகள் உங்கள் கையில் பட்டிருக்காது. எஃப்ஆர் தொடங்கும் முன் ஒரு வாரம் எஃப்ஏ கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். முன்பணம், நிலுவை, வாராக்கடன் எல்லாம் தடுமாறாமல் வருகிறதா என்று தெரிந்துகொண்டு மேலே போனால் நிம்மதி.

ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கறக்கலாம்?

எஃப்ஆர் பாணியில் நானே ஒரு கேள்வி போட்டுக் காட்டுகிறேன். துணை நிறுவனம் ஒன்று, வருடத்தில் தன் தாய் நிறுவனத்துக்கு 120,000 டாலருக்குச் சரக்கு விற்றது. அடக்க விலைமேல் 20% லாபம் வைத்து விற்றது. வருடக் கடைசியில் அந்தச் சரக்கில் கால்வாசி இன்னும் தாய் நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. குழுமக் கணக்கில் (தாய், துணை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் போடும் கணக்கில்) நீக்க வேண்டிய, இன்னும் கைக்கு வராத லாபம் எவ்வளவு? விடைகள்: 5,000, 6,000, 15,000, 20,000.

சரியான விடை 5,000. விலை 120 என்றால் அடக்கம் 100, லாபம் 20. ஆகவே மொத்த லாபம் 20,000, அதில் கால்வாசி 5,000. நிறையப் பேர் இதோடு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.

மீதி மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 6,000 எழுதியவர், 20% என்பதை விற்பனை விலைமேல் போட்டிருக்கிறார்: 120,000இல் 20% என்றால் 24,000, அதில் கால்வாசி 6,000. 15,000 எழுதியவர், விற்றுப்போன முக்கால் பாகத்தின் லாபத்தை எடுத்துவிட்டார். 20,000 எழுதியவர் கால்வாசி என்ற சொல்லையே கவனிக்கவில்லை. ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றம் இருக்கிறது, கேள்வி அமைப்பவர் அதைத் தெரிந்தேதான் வைக்கிறார். நீங்கள் 6,000 எழுதியிருந்தால், “தப்பு” என்று மட்டும் குறிக்காமல் “அடக்க விலைமேல் லாபம், விற்பனை விலைமேல் லாபம், இரண்டையும் குழப்பினேன்” என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி அடுத்த பத்துக் கேள்விகளில் உதவும்.

அப்புறம் கேள்வியை நீங்களே மாற்றுங்கள். விற்றது துணை நிறுவனம், தாய் நிறுவனத்தின் பங்கு 80% என்றால் அந்த 5,000 யார் தலையில் விழும்? சிறுபான்மைப் பங்குதாரர் பங்கில் 1,000, குழுமத்தின் தக்கவைத்த லாபத்தில் 4,000. விற்றது தாய் நிறுவனமாக இருந்தால்? முழு 5,000மும் குழுமத்தின் மேல். இரண்டிலும் சரக்கிருப்பு 5,000 குறையும், அது மாறாது. லாப நட்டக் கணக்கில் என்ன நடக்கும்? விற்பனையில் 120,000 போகும், விற்பனைச் செலவிலும் 120,000 போகும், பிறகு விற்பனைச் செலவில் 5,000 கூடும். பாருங்கள், இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றிலிருந்து, 20 மதிப்பெண் கேள்வியில் வரும் பாதி வேலை கைக்கு வந்துவிட்டது. கேள்விப் புத்தகம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தை விடுங்கள். இப்படி ஆழமாகச் செய்த நூறு கேள்வி, மேலோட்டமாகச் செய்த நானூறுக்கு மேல்.

தவறுகளுக்கு ஒரு பதிவு

எக்செலில் ஒரு ஷீட் போதும். தேதி, தலைப்பு, கேள்வி எண், என்ன எழுதினேன், என்ன எழுதியிருக்க வேண்டும், ஏன் தவறியது. கடைசி நெடுவரிசைதான் உயிர். ஏன் தவறியது என்பதில் பெரும்பாலும் நாலு காரணம்தான் வரும்: விதியே தெரியாது; விதி தெரியும், ஆனால் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை; எல்லாம் சரி, ஆனால் கூட்டல் கழித்தலில் போனது; நேரம் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. விதி தெரியாதவர் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். வாசிப்பதில் தவறுகிறவர் எத்தனை முறை புத்தகத்தைப் புரட்டினாலும் பயனில்லை, அவர் கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டு மேலே போய், எண்களையும் தேதிகளையும் குறித்துக்கொண்டே வரப் பழக வேண்டும். “எது சரியல்ல” என்று கேட்கும் கேள்வியில் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பாடம் நன்றாகவே தெரியும்.

தவறிய கேள்வியை ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் மறுபடி செய்யுங்கள். மறுபடி தவறினால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. விடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு “ஆமாம், இது எனக்குத் தெரியும்” என்று தலையாட்டுவதுதான் மிகப்பெரிய ஏமாற்று. அப்படித் தலையாட்டியது எதுவும் தேர்வறைக்கு உங்களோடு வராது. விடை வாசித்துப் புரிந்தால் போதாது, மூடிவிட்டு வெறும் ஷீட்டில் முதல் வரியிலிருந்து நீங்களே கட்டிக் கொண்டுவர வேண்டும்.

சரியாக வந்த கேள்விகளிலும் ஊகித்துப் போட்டவற்றைத் தனியாகக் குறியுங்கள். ஊகம் சரியானதை “தெரியும்” கணக்கில் சேர்த்துக்கொண்டால் பதிவே பொய்யாகிவிடும்.

எழுத்துக் கேள்விகள்

எண் கேள்விகளை ஆசையாகச் செய்பவர்கள், எழுத வேண்டிய கேள்வி வந்தால் “இதை மனசுக்குள்ளேயே யோசித்துக்கொள்கிறேன்” என்று தாண்டிவிடுகிறார்கள். ஏஏ (தணிக்கை, அதாவது ஆடிட்) தாளில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான் என்பது என் கருத்து. நாம் வீட்டில் கிரியோல் பேசுகிறோம், கோவிலில் தமிழ், பத்திரிகை பிரெஞ்சில், தேர்வு ஆங்கிலத்தில். நண்பர்களோடு உட்கார்ந்து எந்த மொழியில் விவாதித்தாலும் நல்லதுதான், புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தேர்வில் விரல் தட்ட வேண்டியது ஆங்கில வாக்கியம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து.

ஒரு உதாரணம். ஒரு கம்பெனி தன் இயந்திரங்களின் ஆயுளை 5 வருடத்திலிருந்து 8 வருடமாக நீட்டியிருக்கிறது. ஆடிட் ரிஸ்க் (நிதி அறிக்கையில் தவறு இருந்தும் தணிக்கையில் பிடிபடாமல் போகும் அபாயம்) என்ன, ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி. “ஆயுளை மாற்றியிருக்கிறார்கள், இது ரிஸ்க்” என்று நிறுத்தினால் அது கேள்வியையே திருப்பி எழுதியதுதான். 8 வருடம் என்பதற்கு நியாயம் இல்லாமல் போனால் தேய்மானம் குறைவாகக் காட்டப்பட்டிருக்கும், லாபமும் இயந்திரத்தின் மதிப்பும் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கும் என்று நிதி அறிக்கையின் எந்த வரி எந்தப் பக்கம் தவறும் என்பது வரை போக வேண்டும். அடுத்து ஆடிட்டர் செய்ய வேண்டியது: கடந்த வருடங்களில் விற்ற இயந்திரங்களில் லாபமா நட்டமா என்று பார்ப்பது, புது இயந்திரம் வாங்கும் திட்டத்தோடு இந்த 8 வருடம் பொருந்துகிறதா என்று ஒப்பிடுவது, மாற்றத்துக்கான காரணத்தை நிர்வாகத்திடம் கேட்டு அதற்கான ஆதாரத்தைச் சரிபார்ப்பது. இங்கே “நிர்வாகம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்” என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் கேட்டது ஆடிட்டர் என்ன செய்வார் என்பதை.

எழுதியதைத் திருத்தும்போது உங்களையே இரக்கமில்லாமல் திருத்துங்கள். மாதிரி விடையில் ஒரு மதிப்பெண் எங்கே விழுகிறது என்று பார்த்து, உங்கள் வாக்கியம் அந்த இடத்தைத் தொடுகிறதா என்று கேளுங்கள். “இதைத்தான் நானும் நினைத்தேன்” என்பது கணக்கில் வராது. முடிந்தால் உங்கள் விடையை நண்பரிடமும் அவர் விடையை நீங்களும் மாற்றித் திருத்துங்கள். ரோஸ் ஹில், கத்ர் போர்ன் பக்கம் இருப்பவர்கள் மூன்று நாலு பேராகச் சேர்ந்து வாரம் ஒருமுறை இதைச் செய்தால் டியூஷனைவிடப் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நேரக் கணக்கு

எஃப்ஆர், ஏஏ, பிஎம் (செயல்திறன் மேலாண்மை), எஃப்எம் (நிதி மேலாண்மை) போன்ற தாள்கள் 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். எஃப்ஆரில் முதல் பகுதி 15 கேள்வி, 30 மதிப்பெண், 54 நிமிடம். இரண்டாம் பகுதி மூன்று சூழல், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி, இன்னொரு 54 நிமிடம். மூன்றாம் பகுதி 20 மதிப்பெண்ணில் இரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 36 நிமிடம். இந்த எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். முதல் மாதம் நேரம் பார்க்காமல் செய்யலாம், அதன்பின் ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் கடிகாரம் வைத்தே ஆக வேண்டும். 36 நிமிடம் முடிந்ததும் ஒரு கோடு போட்டுவிட்டு மீதியை அதற்குக் கீழே முடியுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதற்குத் தனியாக மதிப்பெண் போட்டுப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

தேர்ச்சிக்கு 50 போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது, ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். அதேசமயம் இரண்டு மதிப்பெண் கேள்விகளில் பாதி மதிப்பெண் என்பதும் இல்லை. “இரண்டைத் தேர்ந்தெடு” என்றால் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். எண்ணைத் தட்டச் சொல்லும் கேள்வியில், ஆயிரத்தில் கேட்கிறார்களா முழு எண்ணில் கேட்கிறார்களா என்று பார்க்காமல் போட்டால் கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் பூஜ்யம்தான்.

திரையில் பழகுங்கள்

ஏசிசிஏ தளத்தில் பிராக்டிஸ் பிளாட்ஃபார்ம் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது. தேர்வில் வரும் அதே திரை, அதே ஸ்பிரெட்ஷீட், அதே எழுதும் பெட்டி. பழைய தேர்வுக் கேள்விகளும் அதிலேயே உண்டு. காகிதத்தில் அழகாகக் கணக்குப் போட்டுப் பழகிவிட்டுத் தேர்வறையில் முதல்முறையாக அந்த ஸ்பிரெட்ஷீட்டைப் பார்ப்பவர் பத்து நிமிடத்தை அங்கேயே இழப்பார். கால்குலேட்டரில் போட்டு 5,000 என்று வெறும் எண்ணைத் தட்டாதீர்கள். செல்லுக்குள்ளேயே =120000*20/120*0.25 என்று சூத்திரமாக எழுதுங்கள். எண் ஒன்று தவறாகப் போனாலும் வழி சரி என்று திருத்துபவர் பார்ப்பார், அதற்கு மதிப்பெண் கிடைக்கும். வெறும் எண் தவறாக இருந்தால் அவருக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

தேர்வாளர் அறிக்கைகளும் அங்கேயே கிடைக்கின்றன. மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று கேள்வி கேள்வியாக எழுதியிருப்பார்கள். அந்தக் கேள்வியை முதலில் நீங்கள் செய்துவிட்டு அப்புறம் அறிக்கையை வாசியுங்கள், அப்போதுதான் உறைக்கும்.

பழைய புத்தகம் கைமாறும்போது

அக்கா எழுதிய தாளை இரண்டு வருடம் கழித்துத் தம்பி எழுதும்போது அதே பிபிபி, கப்லான் பதிப்பகப் புத்தகம் கைமாறுவது நம் வீடுகளில் சகஜம். எம்ஏ (மேலாண்மைக் கணக்கியல்), பிஎம் போன்ற தாள்களுக்குப் பாடத்திட்டத்தில் என்ன மாறியிருக்கிறது என்று தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டு பழைய புத்தகத்தைப் பயன்படுத்தலாம். டிஎக்ஸ் (வரி) தாளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிட்டன் வரியை எழுதுபவர்களுக்கு ஜூன் முதல் அடுத்த மார்ச் வரையான தேர்வுகளுக்கு ஒரு நிதிச் சட்டம், அதன்பின் அடுத்தது. சொத்து விற்ற லாபமான மூலதன ஆதாயத்துக்கான வருடாந்திர விலக்கு 12,300 பவுண்டாக இருந்தது, 2023-24இல் 6,000 ஆனது, 2024-25இல் 3,000 ஆனது. பழைய புத்தகத்தில் பழகியவர் கை தானாக 12,300ஐக் கழிக்கும். நம் ஊரில் மூலதன ஆதாய வரி என்ற பழக்கமே இல்லாததால், அந்த எண் தப்பு என்று மனசும் உறுத்தாது.

வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரியிலும் இதே கதை. இங்கே அலுவலகத்தில் நாள் முழுக்க 15%இல் வேலை செய்கிறோம், வரி சேர்ந்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்க 15/115 என்று கை போகும். பிரிட்டனில் 20%, ஆகவே 20/120, அதாவது ஆறில் ஒன்று. 2,400 பவுண்டில் வரி 400. பழக்கதோஷத்தில் போட்டால் 313 வரும். மொரீசியஸில் வரி வேலை செய்பவர்கள் டிஎக்ஸ் கேள்வி செய்ய உட்காரும்போது முதலில் இந்த விகிதங்களை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி வாரங்கள்

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து முழுத் தாள்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. மூன்று மணி நேரம் இடையில் எழாமல், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அம்மா தேநீர் கொண்டுவருவதுகூட முடிந்த பிறகுதான். முதல் முழுத் தாளில் 38 வந்தால் மனம் உடையாதீர்கள், எந்தப் பகுதியில் விட்டீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தலைப்பும் நேரமும்தான் காரணமாக இருக்கும், இரண்டையும் மூன்று வாரத்தில் சரிசெய்ய முடியும்.

தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் வருகின்றன. மார்ச் எழுதுகிறவர்கள் புயல் காலத்தில் படிக்கிறீர்கள். மின்சாரமும் இணையமும் போகும் நாள் வரும். அதற்காகக் கொஞ்சம் கேள்விகளை முன்கூட்டியே அச்செடுத்து வையுங்கள், எச்சரிக்கை வந்து அலுவலகம் மூடிய நாளில் வீட்டில் உட்கார்ந்து அவற்றைச் செய்யலாம். டிசம்பர் எழுதும் ஆடிட் பிள்ளைகளுக்கு வேறு சிரமம்: ஜூன் 30இல் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் இங்கே நிறைய, அதனால் வருடக் கடைசியில் வேலை கழுத்தை நெரிக்கும், நடுவில் தீபாவளியும் வரும். அவர்கள் பெரிய கேள்விகளை ஆகஸ்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

டிசம்பர் முடிவு ஜனவரி நடுவில்தான் வரும், மார்ச் தேர்வோ மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த இடைவெளியில் தைப்பூசக் காவடி விரதமும் சேரும். ஆகவே டிசம்பர் தாள் எழுதி வந்த வாரத்திலேயே, நினைவு பசுமையாக இருக்கும்போது, எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்று உங்கள் பதிவில் நாலு வரி எழுதி வைத்துவிடுங்கள். 46, 47 என்று வந்துவிட்டால் மீண்டும் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பதிவைத் திறந்து, “விதியே தெரியாது” என்று குறித்த தலைப்புகளை முதல் இரண்டு வாரம், “வாசிக்கவில்லை” என்று குறித்தவற்றை அடுத்த இரண்டு வாரம், அதன்பின் முழுத் தாள்கள் என்று அப்படியே தொடரலாம்.